நாற்காலி அந்தத் தப்பில் இருந்ததா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "போட்ட ஓட்டைப் பாதியில் திரும்பக் கேட்கிற உரிமையும் சில இடங்களில் உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதாவது, ஜெயித்தவரைப் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே, மக்கள் கையெழுத்துப் போட்ட மனுவாலும் பெரும்பாலும் அதன் பிறகு வரும் வாக்கெடுப்பாலும் இறக்குகிற "திரும்ப அழைக்கும்" உரிமை. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் முக்கால்வாசி மேயர், நகரமன்ற உறுப்பினர், வார்டு உறுப்பினர் போன்ற உள்ளூர் ஆட்களைப் பற்றியவை. அவர்கள் ரோடு போடவில்லை, தண்ணீர் விடவில்லை என்பதைவிட அவர்களுடைய சொந்த நடத்தை பற்றிய குமுறல்தான் அதிகம். ஆகவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை, மன்னிக்கவும். கடிதம் எழுதியவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் நானே எடுத்துவிட்டேன். ஏன் என்று கடைசிக் கடிதத்தைப் படித்தால் தெரியும்.

கேள்வி: ஐயா, எங்கள் வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றபோது வீடு வீடாக வந்தார், காலில் விழாத குறைதான். ஜெயித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது குடித்துவிட்டு நடுத்தெருவில் சண்டை போடுகிறார், மனைவி பிரிந்து போய்விட்டார், வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று எல்லாரும் பேசுகிறார்கள், வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. இருபது பேர் சேர்ந்து அவரைத் திரும்ப அழைக்க மனுப் போடலாம் என்று இருக்கிறோம். எங்களிலேயே ஒருவர் மட்டும், "அது அவர் சொந்த விஷயம், நமக்கென்ன" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த ஒருவரைக் கோபித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். மனு எழுத உட்காரும்போது அவரைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

சட்டம் இதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காரணம் எதுவாக இருந்தாலும் மனுப் போடலாம். அந்தக் காரணம் போதுமா போதாதா என்று எந்த அதிகாரியும் கேட்க முடியாது, வாக்காளர்தான் முடிவு செய்வார்கள் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனால் நிலைமையே வேறு. பதவியில் முறைகேடு செய்தார் அல்லது பதவியேற்கும்போது எடுத்த உறுதிமொழியை மீறினார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு நீதிபதி அதைப் படித்து, "இது உண்மையாக இருந்தால் காரணம் போதும்" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கவே ஆரம்பிக்கலாம். உண்மையா பொய்யா என்பதற்குள் அந்த நீதிபதி போவதில்லை, அதை மக்களிடம் விட்டுவிடுகிறார். உங்களுக்குப் பொருந்தும் சட்டம் இதில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சட்டம் எதை அனுமதித்தாலும் சரி, நான் ஒன்றைத்தான் கேட்பேன். அந்தத் தப்பில் நாற்காலி, அதாவது அவருடைய பதவி, இருந்ததா? குடித்துவிட்டுச் சண்டை போட்டவர், போலீஸ் வந்ததும் "நான் யார் தெரியுமா" என்று கேட்டாரா, அப்போது நாற்காலி தெருவுக்கே வந்துவிட்டது. போதையோடு மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்தாரா, போதையால் கூட்டத்துக்கு வராமலே போனாரா, தனக்கு வேண்டிய பெண்ணுக்கு அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாரா, கையெழுத்துக்காக வந்த பெண்ணிடம் கையைப் பிடித்தாரா, இதிலெல்லாம் நாற்காலி இருக்கிறது. வயதுக்கு வந்த இரண்டு பேர் மனமொத்துப் பழகுவதில் அது இல்லை. அது எனக்கும் உங்களுக்கும் பிடிக்காமல் இருக்கலாம், அடுத்த தேர்தலில் அதற்காகவே ஓட்டுப் போடாமலும் இருக்கலாம், அது வேறு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2005-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகர மேயர் ஜிம் வெஸ்ட் பற்றி உள்ளூர் நாளிதழில் பெரிய செய்தி வந்தது. இணைய அரட்டையில் பழக்கமான இளைஞர்களுக்கு நகராட்சியில் பயிற்சி வேலை தருவதாக அவர் ஆசை காட்டினார் என்பது அதில் முக்கியமான விஷயம். நகரமே கொதித்தது, ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள், அவருடைய அந்தரங்கம் முழுக்கச் சந்திக்கு வந்தது. ஆனால் மனுவை எழுதியவர் அரசியல் தலைவர் யாரும் இல்லை. தனியாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்த, சட்டம் படிக்காத ஒரு பெண். நீதிமன்றத்தில் அவரே நின்று வாதாடினார். அவர் எழுதிய குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டும்தான் நீதிபதி ஏற்றார், அது எது என்று கவனியுங்கள்: மேயர் தன் பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்பது. அவர் யாரோடு பழகினார் என்பது மனுவில் இல்லை, அந்தப் பயிற்சி வேலைதான் இருந்தது. மேயர் மாநில உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்த ஒரு குற்றச்சாட்டு நின்றது. டிசம்பர் 6-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்து, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் போகச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். மறு வருடம் அமெரிக்காவின் மத்திய விசாரணை அமைப்பான எஃப்.பி.ஐ. அவர் மேல் கிரிமினல் வழக்குப் போட முகாந்திரமில்லை என்று விட்டுவிட்டது. இரண்டும் முரண் இல்லை. ஜெயிலில் போடுமளவுக்குக் குற்றம் இல்லாமலே ஒருவர் நம்பிக்கையை இழக்க முடியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "மனைவி பிரிந்து போய்விட்டார்" என்று வீடியோவுக்கும் குடிக்கும் நடுவில் ஒரு தகவலாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் அடி வாங்கிப் போனார் என்றால் அது சொந்த விஷயமே கிடையாது, குற்றம், அதற்குப் போலீஸும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால் அதை மனுவில் எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? அவர் புகார் கொடுக்க விரும்புகிறாரா, துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் அவர் வாங்கிய அடியை நீங்கள் நாலாயிரம் பேரிடம் வாசித்துக் காட்ட முடியாது. அவர் வேண்டாம் என்றால் அந்த வரி மனுவில் வரக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: மனுப் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். முதல் வேலை என்ன?

பதில்: அப்படி ஒரு உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள், பலரும் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

டொரண்டோ மேயர் ராப் ஃபோர்டு, கிராக் கோக்கைன் புகைத்ததாக 2013 நவம்பரில் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அந்த நகரம் இருக்கும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மேயரைத் திரும்ப அழைக்கச் சட்டம் கிடையாது. நகரமன்றத்தால் முடிந்தது, அவருடைய அதிகாரங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கித் துணை மேயரிடம் கொடுத்தது மட்டும்தான். பதவிக்காலம் முடிகிற வரை மேயர் என்ற பெயரோடு அவர் இருந்தார். பிரிட்டனில் 2015-ல் வந்த சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்தான், உள்ளூர்க் கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது. அதிலும் நீங்களாக மனுத் தொடங்க முடியாது. உறுப்பினருக்குச் சிறைத் தண்டனையோ, அவையிலிருந்து குறைந்தது பத்து அமர்வு நாட்கள் இடைநீக்கமோ, பொய்யான செலவுக் கணக்குக் கொடுத்த குற்றத்துக்குத் தண்டனையோ வந்தால்தான் மனு திறக்கப்படும். பிறகு ஆறு வாரத்தில் தொகுதி வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஊழியரிடம் கொடுமையாகவும் பாலியல் ரீதியாக முறைகேடாகவும் நடந்தார் என்று இடைநீக்கம் செய்யப்பட்ட பீட்டர் போன் 2023-ல் இப்படித்தான் பதவி இழந்தார்.

மத்தியப் பிரதேசத்தில், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் வழி வைத்தார்கள், ஆனால் அதைத் தொடங்க வேண்டியது நீங்கள் இல்லை, கவுன்சிலர்கள். நாலில் மூன்று பங்குக் கவுன்சிலர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மக்களிடம் வாக்கெடுப்பு. அந்த வாக்குச்சீட்டில் இரண்டே படம்: ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, காலி நாற்காலி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதில் சந்தேகம் வராது. ஹரியானாவில் 2020-ல் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், அங்கே வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் எழுதிக் கொடுத்துத் தொடங்கலாம். ஜப்பானிலும் மூன்றில் ஒரு பங்குதான் அடிப்படைக் கணக்கு, பெரிய நகரங்களுக்கு அது கொஞ்சம் குறையும்.

ஆகவே சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு நாலு விஷயத்தைத் தேடுங்கள்: யார் தொடங்கலாம், எத்தனை கையெழுத்து, எத்தனை நாளுக்குள், பதவியேற்று எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும். இந்த உரிமையே இல்லை என்று தெரிந்தால் சோர்ந்து போக வேண்டாம். நடத்தை விதி மீறல் புகார், நம்பிக்கையில்லாத் தீர்மானம், போலீஸ் புகார், நீதிமன்றம் என்று வேறு கதவுகள் இருக்கும். எந்தக் கதவு என்று தெரிந்து தட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். நாலு பக்கம். படித்துத் திருத்தித் தர முடியுமா? அவர் செய்த அத்தனையையும் எழுதியிருக்கிறோம், ஒன்றுகூட விடவில்லை.

பதில்: படித்தேன். இரண்டு முறை படித்தேன். ஒன்றுகூட விடாமல் எழுதியதுதான் அதன் குறை. கலிபோர்னியாவில் இதற்கு இருநூறு வார்த்தைதான் இடம். குற்றம் சாட்டப்படுபவருக்கும் பதில் சொல்ல அதே இருநூறு வார்த்தை கொடுக்கிறார்கள். உங்கள் சட்டத்தில் அப்படி அளவு இல்லாவிட்டாலும், அந்த அளவை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள், எதைச் சொன்னால் போதும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் முதல் வரியில் "ஒழுக்கம் கெட்ட, பண்பாடில்லாத, பெண்பித்தரான" என்று மூன்று வசவு. மூன்றையும் அடித்துவிட்டேன். வசவைப் படிக்கிறவர் உங்கள் கோபத்தைத்தான் பார்ப்பார், அவர் செய்ததைப் பார்க்க மாட்டார். அதோடு நாளைக்கு அவர் மானநஷ்ட வழக்குப் போட்டால் "பெண்பித்தர்" என்ற சொல்லுக்கு நீங்கள் சாட்சி தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, "எப்போதும் போதையில்தான் கூட்டத்துக்கு வருகிறார்" என்று இருந்தது. எப்போதும் என்றால் என்றைக்கு? உங்களுக்குப் போன் செய்து கேட்டபோது, "மார்ச் மாதக் கூட்டத்தில் தலைவரே அவரை வெளியே போகச் சொன்னார், அது கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது" என்றீர்கள். அதுதான் விஷயம்! அதை ஏன் மூன்றாம் பக்கத்தில் புதைத்தீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: "மார்ச் மாத மன்றக் கூட்டத்துக்கு உறுப்பினர் போதையில் வந்தார். தலைவர் அவரை வெளியேறச் சொன்னது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அன்று எங்கள் வார்டின் குடிநீர்க் குழாய்த் தீர்மானம் வந்தபோது எங்கள் சார்பில் ஓட்டுப் போட ஒருவரும் இல்லை." மூன்றே வாக்கியம். இதில் எதையும் அவர் மறுக்க முடியாது, குழாயில் தண்ணீர் வராத வீட்டில் இதைப் படித்தால் வேறு எதுவும் சொல்லித் தர வேண்டாம்.

ஒப்பந்ததாரரின் காரில் அவர் சுற்றுகிறார் என்பதும் நல்ல குற்றச்சாட்டுதான், ஆனால் "என்று சொல்கிறார்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். சொல்கிறவர் யார், அவர் கையெழுத்துப் போட்டுச் சொல்வாரா? மாட்டார் என்றால் அந்த வரி போகட்டும். சந்தேகமான ஒரு வரி, சத்தியமான பத்து வரியையும் சேர்த்துச் சந்தேகப்பட வைத்துவிடும்.

நாலாம் பக்கத்தில் அவருடைய மகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அந்தப் பெண் எங்கே படிக்கிறாள், யாரோடு பேசுகிறாள், "மகளையே வளர்க்கத் தெரியாதவர்" என்று. அதை நான் திருத்தவில்லை, தாளையே கிழித்துவிட்டேன். உங்களிடம் இருக்கும் நகலிலும் கிழித்துவிடுங்கள். அந்தப் பெண் தேர்தலில் நிற்கவில்லை.

கேள்வி: கையெழுத்து வாங்கக் கடைசித் தேதி நெருங்குகிறது. இன்னும் ஐந்நூறு குறைகிறது. வீட்டில் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கும் சேர்த்து அவரே போட்டுவிடலாமா? அவர்களுக்கும் சம்மதம்தான், வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

பதில்: கூடாது. ஒரு கையெழுத்துகூடக் கூடாது.

ஜப்பானின் ஐச்சி மாகாண ஆளுநரைத் திரும்ப அழைக்க 2020-ல் ஓர் இயக்கம் நடந்தது. சுமார் 4 லட்சத்து 35 ஆயிரம் கையெழுத்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையே வாக்கெடுப்புக்குப் போதாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அதிகாரிகள் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 83 சதவீதம் செல்லாது என்று தெரிந்தது. ஒரே ஆள் எழுதியது போன்ற கையெழுத்து வரிசை வரிசையாக. செத்துப் போனவர்களின் பெயர்கூட அதில் இருந்தது. வேறொரு மாகாணத்தில் கூலிக்கு ஆள் பிடித்து உட்கார வைத்துப் பெயர் முகவரிப் பட்டியலைப் பார்த்து எழுத வைத்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. இயக்கத்தை நடத்தியவர்கள் கைதானார்கள். அந்த ஆளுநர் மேல் நியாயமான கோபம் இருந்து, நேர்மையாகத் தன் பெயரை எழுதிய பல ஆயிரம் பேரும் அங்கே இருந்திருப்பார்கள் இல்லையா, அவர்களுடைய கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் மரியாதை போனது.

நான் இளவயதில் ஒரு மனுவின் தாள்களைச் சரிபார்க்க உதவியாளாகப் போயிருக்கிறேன். பெரிய மேசை, ஒருபக்கம் வாக்காளர் பட்டியல், ஒருபக்கம் தாள்கள், நடுவில் ஒரு ஸ்கேல். ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். முதல் நாள் பாதியிலேயே கண் பழகிவிடும். "க" எழுதும்போது ஒருவர் தலையைச் சுழிக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அது அடுத்த வரியிலும் வரும், அதற்கடுத்த வரியிலும் வரும். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி நாலு பேருக்கும் ஒரே "க". பக்கத்திலிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பென்சிலால் நாலையும் அடித்தார். அதில் நிஜமாகவே போட்ட ஒருவருடையதும் போய்விட்டது. பிடிபடாது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஐந்நூறு குறைகிறது என்றால் ஆயிரம் வாங்கப் பாருங்கள். நல்ல மனுவிலேயே ஒரு பங்கு தள்ளுபடி ஆகும்: வேறு வார்டுக்காரர், பட்டியலில் பெயர் இல்லாதவர், இரண்டு முறை போட்டவர், தேதி எழுத மறந்தவர். மாலையில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று ஒருவர் கால்மணி நேரம் உங்களை நிற்க வைத்தால் பொறுமையாக நில்லுங்கள், அவருடைய கையெழுத்துதான் கடைசி வரை நிற்கும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்டாலும், "ஆமாம், நான்தான் போட்டேன்" என்பார். இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை வரவில்லை என்றால், மற்றவர்களுக்கு உங்கள் அளவுக்குக் கோபம் இல்லை என்று அர்த்தம். அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: அவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டார், கண்ணீர் விட்டார். இப்போது மனுவை நிறுத்திவிடலாமா?

பதில்: யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று பாருங்கள். மேடையில் உங்களிடம் கேட்டாரா, பாதிக்கப்பட்டவரிடம் கேட்டாரா? கலிபோர்னியாவின் சான் டியேகோ நகர மேயர் பாப் ஃபில்னர் மேல் 2013-ல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாலியல் தொல்லைப் புகார் சொன்னபோது அவர் மன்னிப்புக் கேட்டார், சிகிச்சைக்குப் போகிறேன் என்றார், பதவியை மட்டும் விடவில்லை. ஆகஸ்டில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் தேவை, 39 நாளுக்குள். வாங்கி முடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அந்த மாதக் கடைசியிலேயே ராஜினாமா செய்துவிட்டார். அக்டோபரில் நீதிமன்றத்தில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். தொடங்கிய மனு பாதியில் நின்றாலும் வீண் இல்லை. ஆனால் உண்மையாகத் திருந்த நினைக்கிற ஆள், சிறிய தப்பு, நாற்காலியைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: குற்றச்சாட்டே பொய் என்று பின்னால் தெரிந்தால் என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஜப்பானில் குசாட்சு என்று வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன சிற்றூர். ஊர்மன்றத்தில் இருந்த ஒரே பெண் உறுப்பினர், மேயர் தன்னைப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார். மேயர் மறுத்தார். 2020 டிசம்பரில் ஊர்க்காரர்கள் மேயரை அல்ல, அந்தப் பெண்ணைத் திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் அவர் போக வேண்டும் என்று ஓட்டு. புகார் சொன்ன பெண்ணின் வாயை ஊர் கூடி அடைக்கிறது என்று உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது, அந்தச் செய்தியைப் படித்து நானும் கொதித்துப் போனேன். மூன்று வருடம் கழித்து, நடந்ததாகச் சொன்னதில் முக்கியமான பகுதி உண்மை இல்லை என்று அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2024-ல் மேயருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இதிலிருந்து புகார் சொல்லும் பெண்களை நம்பாதே என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலான பெண்கள் சொல்லவே முடியாமல் விழுங்கிக்கொண்டு இருக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கிற கருவி வாக்கெடுப்பு கிடையாது. சாட்சியை விசாரிக்கவோ, குறுக்குக் கேள்வி கேட்கவோ ஓட்டுப் பெட்டிக்குத் தெரியாது. இரண்டு பேர் மட்டுமே இருந்த அறையில் நடந்ததாகச் சொல்லப்படுவது என்றால், அந்த ஒன்றை மட்டும் வைத்து மனு எழுதாதீர்கள், விசாரணையில் ஏதாவது ஒரு கட்டம் முடியட்டும். பதிவு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, அவரே ஒப்புக்கொண்டது இருக்கிறது என்றால் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரத்தானே போகிறது? ஒவ்வொருவரையும் பாதியில் இறக்கினால் எவன் தைரியமாக வேலை செய்வான்? தோற்ற கட்சிக்காரன் மறுநாளே மனுவோடு வந்து நிற்பான்.

பதில்: நிற்பான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் பூட்டுகள் போட்டிருக்கிறார்கள். 1903-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்த உரிமையைத் தன் சாசனத்தில் சேர்த்தது, அமெரிக்காவில் அதுதான் முதல். அதற்காகப் பாடுபட்டவர் ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஒரு டாக்டர். இன்றைக்கு அந்த நகரம் இருக்கும் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளூர்ப் பதவியேற்று 90 நாள் ஆகாமல் மனுக் கிடையாது, பதவிக்காலத்தில் கடைசி ஆறு மாதமும் கிடையாது. போலந்தில் பூட்டு வேறு மாதிரி: அவரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்களோ அதில் ஐந்தில் மூன்று பங்குப் பேராவது இந்த வாக்கெடுப்புக்கும் வர வேண்டும். 2013-ல் வார்சா மேயர் மேல் வாக்கெடுப்பு நடந்தபோது, வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அவர் போக வேண்டும் என்றார்கள், ஆனால் 29 சதவீதம் வர வேண்டிய இடத்தில் வந்தது 26-க்கும் குறைவு. மேயர் நிலைத்தார். அந்த மேயரின் ஆதரவாளர்கள் ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அதுவும் ஒரு உத்தி.

எனக்கு உங்கள் வாதத்தில் ஏற்க முடியாதது அந்த "ஐந்து வருடம்". ரோடு கோணலாகப் போட்டவரை ஐந்து வருடம் பொறுக்கலாம், நானும் பொறுப்பேன். கொள்கையில் கருத்து வேறுபாடு என்றால் நிச்சயம் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சான்றிதழுக்காகத் தனியாக அந்த அறைக்குள் போகப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்றால், அந்த ஐந்து வருடத்தை யார் தலையில் கட்டுகிறீர்கள்?

கேள்வி: என் அப்பா நகரமன்ற உறுப்பினர். அவரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். அவர் செய்தது தப்புதான், என்ன தப்பு என்று இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். போன வாரம் இரண்டு பேர் தாளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், யார் வீடு என்று தெரியாமல். நான்தான் கதவைத் திறந்தேன். தாளைப் படித்தேன், அதில் இருந்தது எல்லாம் உண்மை. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா? கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமா?

பதில்: உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் சட்டப்படி நீங்கள் போட்டிருக்கலாம், மகள் என்பதால் தடை எதுவும் இல்லை. ஆனால் போட்டிருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அந்தத் தாள் ரகசியம் கிடையாது. உங்களுக்கு அடுத்து கையெழுத்துப் போடுகிறவர் மேலே உள்ள பெயர்களை எல்லாம் பார்ப்பார், மறுநாள் அதுவே பேச்சாகிவிடும், உங்கள் அம்மா காதுக்கும் போகும். வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தால் அங்கே திரை இருக்கிறது. உள்ளே போய் நீங்கள் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது, ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்தாலும் யாரும் கேட்க முடியாது.

வந்தவர்கள் தப்பு செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. மறுபடி வந்தால் கதவைத் திறந்து, "இது அவர் வீடு, நான் அவர் மகள், இங்கே வர வேண்டாம்" என்று சொல்லுங்கள். யோக்கியமாக மனுவை நடத்துகிறவர்கள் என்றால் அதற்கு மேல் நிற்க மாட்டார்கள். நின்றாலோ, அம்மாவையோ உங்களையோ தெருவில் வைத்து ஏதாவது பேசினாலோ, தேதி நேரத்தோடு தேர்தல் அலுவலரிடமும் போலீஸிலும் எழுதிக் கொடுங்கள். அப்பா மேல் இருக்கும் புகாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தயங்க வேண்டாம்.

அம்மாவோடு தினமும் கொஞ்ச தூரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். முதல் நாள் தெருமுனை வரை போனால் போதும்.

கடிதத்தின் கீழே முகவரி எழுதி, அப்புறம் பேனாவால் அதை அழுத்தி அடித்திருக்கிறீர்கள். அடித்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை.